பம்பை நிற்கிற வரைக்கும்

முந்தாநாள் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தி தன் மகனுடைய இங்கிலீஷ் ஒர்க் ஷீட்டைப் படம் எடுத்துப் போட்டாள். கோடிட்ட இடத்தில் ஃபார் வருமா, சின்ஸ் வருமா என்று கேள்வி. ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னீர்கள். ஒருத்தர் பதிலைப் பார்த்து இன்னொருத்தர் சிரித்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு நேரிலும் பேச வராது, குழுவிலும் பேச வராது. சன்னல் ஓரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்குமோ என்னவோ.

ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து என் காதில் பம்பை அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தேன். அது பொய். அன்று எனக்கு என்ன நடந்தது என்று இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில். வயல்தான் பிழைப்பு. நைனாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு முறை விழுந்தவள். அது மூன்றாவது முறை. தேறினால் நர்ஸ் ட்ரெயினிங்குக்கு மனு போடலாம். தேறாவிட்டால் வைகாசியில் நகரியிலிருக்கும் அவளுடைய மாமன் மகன் பாவாவுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தைக்குப் பாவா மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது.

"பாவா எங்க ஓடிப் போறாரு? பரீட்சைதான் ஓடிப்பூடும்" என்பாள்.

கதை, கட்டுரை எல்லாம் அவளுக்கு ஒருவழியாக மனப்பாடம் ஆகிவிட்டன. காலத்தைச் சொல்லும் சின்னச் சின்னச் சொற்கள்தான் உயிரை வாங்கின. நோட்ஸில் ஒரு பக்கம் முழுக்க அவைதான். ஃபார், சின்ஸ், ஃப்ரம், டு, அன்டில், பை, வித்தின், டூரிங்.

"நம்மளுக்கு ஒரு 'லேர்ந்து', ஒரு 'வரைக்கும்', ஒரு 'க்குள்ள'. மூணுல முடிஞ்சுது. இவனுங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ?" என்று புத்தகத்தைத் தட்டிக் கேட்பாள்.

எங்கள் வீட்டில் மல்லி போட்டிருந்தோம். அத்தை சாயந்திரம் பூக்கட்டி, ஆறு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். திருத்தணியில் மலையடிவாரத்துப் பூக்கடைக்கு அது போகும். ஒருநாள் நான் நோட்ஸைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க, அவள் கை நிற்காமல் கட்டிக்கொண்டே தப்புத் தப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை நிறுத்தினாள்.

"பாப்பா, இந்தச் சரத்தப் பாரு. மொத முடிச்சு எங்க போட்டேன்?"

காட்டினேன்.

"அதான் சின்ஸ். அங்கேர்ந்து இதுவரைக்கும் எவ்ளோ?"

"ரெண்டு முழம்."

"அதான் ஃபார். முழம் போட்டா ஃபார், முடிச்சக் காட்டுனா சின்ஸ்."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. கடைசி முடிச்சு அன்டில் என்று நான் கத்தினேன். இரண்டு முடிச்சையும் பிடித்துக் காட்டினால் ஃப்ரம், டு என்று அவள் கத்தினாள். நடுவில் சேர்த்த கனகாம்பரம் டூரிங். நார் தீர்வதற்குள் வித்தின். ஆறு மணி பஸ்ஸின் ஹாரன் பை. அது அடிப்பதற்கு முன்னால் சரம் தயாராக இருந்தாக வேண்டும். எழுந்து நின்று இரண்டு பேரும் குதித்தோம். மடியிலிருந்த மல்லியெல்லாம் கொட்டிப்போயிற்று.

உள்ளேயிருந்து அம்மா அதட்டினாள். "ரெண்டு கழுதைங்களும் கொஞ்சம் சும்மா இருங்க. குழந்த தூங்குது."

தம்பி பிறந்து பத்து நாள் அப்போது.

அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருந்தோம். மாடு சின்ஸ் மார்னிங் தண்ணி குடிக்கல, நைனா அன்டில் ஈவ்னிங் வரமாட்டாரு என்று எதை எடுத்தாலும் இதே பேச்சு. நைனா ஒருமுறை வரப்பில் நின்று இதைக் கேட்டுவிட்டு, மாட்டைப் பார்த்து, "நீயும் இங்கிலீஷ் கத்துக்கோ. இல்லேன்னா இந்த வீட்டுல தண்ணி காட்டமாட்டாங்க" என்றார்.

இனி எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். டவுனில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு பெண் காப்புக் கட்டிக்கொள்வாள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலையும். கட்டினால், எட்டாம் நாள் பால்குடம் எடுத்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டும் நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. கோயில் வாசலில் பம்பை அடிப்பார்கள். முதல் அடியில் ஆரம்பம். பம்பை நின்றால் முடிந்தது. அதற்குப் பிறகு வந்து கையை நீட்டினால் பூசாரி கட்டமாட்டார். பம்பை நிற்கிற வரைக்கும் ஊரில் யாரும் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவும் மாட்டார்கள்.

முந்தின வருஷம் எங்கள் வீட்டுக் காப்புத் தவறிவிட்டது. அன்று எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அடுத்து வந்த சித்திரையில் அம்மாவுக்குப் பிறந்த குழந்தை மூன்று நாளில் போய்விட்டது. இரண்டையும் அம்மா மனசுக்குள் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். யாராலும் அதை அவிழ்க்க முடியவில்லை. இப்போது கையில் தம்பி. அம்மாவுக்குத் தீட்டு, கோயிலுக்குப் போக முடியாது. நான் சின்னவள். காப்புக் கட்ட அத்தை ஒருத்திதான் இருந்தாள்.

ஹால் டிக்கெட் வந்த நாளில் அத்தை திருத்தணிக்குப் போயிருந்தாள். போஸ்ட்மேன் என் கையில் கொடுத்தார். உறையைப் பிரித்தேன். நாலாக மடித்த தாள். மேல் மடிப்பைத் திறந்ததும் ஃப்ரம் தெரிந்தது, டு தெரிந்தது. காலை பத்திலிருந்து பன்னிரண்டரை. நம்முடைய ஃப்ரம்! நம்முடைய டு! நான் பம்ப்செட்டுக்கு ஓடினேன்.

"பரீட்ச என்னிக்கு, பாப்பா?" என்றார் நைனா.

"வியாழக்கிழமை, நைனா. அரக்கோணத்துல. ஃப்ரம் டென் டு டுவெல்வ் தர்ட்டி."

நைனா சிரித்துக்கொண்டே என் தலையைத் தட்டினார். அன்று சாயந்திரம் ஊர்க் கூட்டம். எங்க வீட்டுப் பொண்ணுக்கு வியாழக்கிழமையோட பரீட்ச முடியுது, வெள்ளிக்கிழமை காப்புக் கட்டலாம் என்று நைனாவே அங்கே சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் சம்மதம். உடனே தண்டோரா போட்டுவிட்டார்கள். தண்டோரா போட்ட பிறகு நாளை மாற்றுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம்.

அத்தை வந்து தாளை முழுக்கப் பிரித்தாள். கீழ் மடிப்பில் இங்கிலீஷ் இரண்டாம் தாளின் தேதி இருந்தது. வெள்ளிக்கிழமை, அதே பத்து மணி.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நைனாவின் முகம் கறுத்துவிட்டது.

"பாப்பா படிச்சப்போ வியாழன்னுதானே இருந்துச்சு? இந்த வெள்ளி எங்கேர்ந்து வந்துச்சு? காப்புக்குப் பயந்து நீயே எழுதிகினியா?"

"அச்சுல போட்டிருக்குதுண்ணா. நான் எப்பிடி எழுதுவேன்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. போன வருஷம் போதும். இந்த வருஷம் என் வீட்டுக் காப்புத் தவறக் கூடாது."

அத்தை கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் தாளை முழுக்கப் பிரிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அந்தக் கதவின் தாழ்ப்பாள் துரு வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

வியாழக்கிழமை முதல் தாளை எழுதிவிட்டு வந்தாள். நன்றாக எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை விடிகாலை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். பரீட்சை அட்டை, பேனா எல்லாம் கையில்.

"நான் போறேன். அண்ணாகிட்ட சொல்லல. சொன்னா விடமாட்டாரு."

"அப்போ காப்பு?"

"பம்பை எப்போ நிக்குதோ அப்போதானே முடியுது? அது நிக்கறதுக்குள்ள வந்துட்டா?"

"ஒரு மணி நேரத்துல நின்னுடுமே, அத்தை."

அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "நான் வர்ற வரைக்கும் நிக்காம நீ பாத்துக்கோ" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. முதல் பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டாள்.

ஒன்பதரைக்குக் கோயில் வாசலில் பம்பை தொடங்கியது. பம்பைக்காரர் வெளியூர்க்காரர். இரட்டைப் பம்பையை இடுப்பில் கட்டி, நெற்றி முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு வந்து நிற்பார். அவர் தம்பி பக்கத்தில் நின்று பித்தளைக் கைச்சிலம்பை ஆட்டுவார். பெண்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். எல்லா வருஷமும் அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போய்க் குதிக்கும். அன்று ஒவ்வொரு அடியும் எனக்கு எண்ணிக்கை மாதிரி இருந்தது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பேர். ஆறு பேர்.

பாட்டுக்கு நடுவில் அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். அவர் தம்பி சிலம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சிலம்பு கேட்கிற வரைக்கும் பம்பை நின்றதாகக் கணக்கு இல்லை. நான் போய் அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்தேன்.

"இன்னா பாப்பா?"

சொல்லிவிட்டேன். மடிப்பைப் பிரிக்காததிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க போயிருக்குது அந்தப் பொண்ணு?"

"அரக்கோணம். பன்னண்டரை வரைக்கும் பரீட்ச. அப்புறம் ரயிலு, அப்புறம் பஸ்ஸு."

அவர் வெயிலைப் பார்த்தார். "சாயந்திரம் எங்களுக்கு அம்மையார்குப்பத்துல வேலை. விளக்கு வெக்கறதுக்குள்ள அங்க நிக்கணும்." செம்பைக் கீழே வைத்தார். "அம்மன் கதை பெருசு. இருக்கற வரைக்கும் பாடறேன். ஆனா ஊரு நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவேன். நான் கூலிக்கு வந்தவன், ஆங்?"

"ஆங்" என்றேன்.

கடைசிப் பெண்ணும் கட்டி முடித்தாள். தர்மகர்த்தா, "இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டார். எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா கோபுரத்தைப் பார்த்தார்.

"சரி, வரலைன்னா வுடு. நிறுத்துப்பா" என்றார் தர்மகர்த்தா.

பம்பைக்காரர் அடித்துக்கொண்டே சொன்னார். "மணி பத்தரை ஆயிடுச்சு சாமி. வெள்ளிக்கிழமை ராகு காலம். இப்போ போய் முடிச்சா நல்லாவா இருக்கும்? உங்க இஷ்டம்."

கூட்டம் திரும்பிப் பூசாரியைப் பார்த்தது. பூசாரி தலையை ஆட்டினார். ராகு காலத்தில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றுதான் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். முடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதை எதிர்த்துப் பேசும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் பம்பை தப்பித்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியது.

அம்மன் பிறந்தாள், வளர்ந்தாள், கோபித்துக்கொண்டாள், வேப்பமரத்தில் ஏறினாள். பன்னிரண்டும் ஆயிற்று. குழந்தைகள் பசியில் அழுதன. அண்டாவில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. வெங்காய வாசனை வயிற்றைப் பிசைந்தது. ஆண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"இன்னாய்யா இது, ஒரு வீட்டுக்கோசரம் ஊரே பட்டினியா?"

"அவங்க பொண்ணு பரீட்ச எழுதப் போயிருக்குதாம். கலெக்டர் ஆவப்போவுது."

தர்மகர்த்தா நைனாவின் முன்னால் வந்து நின்றார். "நீதானே நாள் சொன்ன? உன் தங்கச்சி ஊர ஏமாத்திட்டு ஓடிப்போச்சு. நிறுத்தட்டுமா, நீயே சொல்லு."

நைனா வாயைத் திறந்தார். அதற்குள் எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. என் குரல்தான் அது என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அத்தை ஏமாத்தல! நான்தான் மடிப்பப் பிரிக்கல. ரெண்டாம் தாளு அடியில இருந்துச்சு. நான் படிக்கல. அத்தைக்குத் தெரியும், சொல்லல. அவங்க வருவாங்க."

இவ்வளவுதான் சொன்னேன். பிறகு அழுதுவிட்டேன்.

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காலையிலிருந்து ஆட்டி ஆட்டிக் கை வீங்கியிருந்த பம்பைக்காரரின் தம்பியிடம் போய்ச் சிலம்பை வாங்கினார்.

"வருவா. அடிங்க" என்றார்.

நைனாவுக்குத் தாளம் வராது. எருமைக்கு மணி கட்டிய மாதிரி ஆட்டினார். ஒருத்தன் சிரித்தான். அப்புறம் இரண்டு பேர். அந்தச் சிரிப்பில் கூட்டத்தின் கோபம் கரைந்துவிட்டது. "குடு மாமா, நான் ஆட்டறேன், காது வலிக்குது" என்று ஒரு பையன் வந்து வாங்கினான். அதற்குப் பிறகு கைக்குக் கை மாறியது. பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடி பஸ் பார்த்துவிட்டு வந்து சேதி சொன்னார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திட்டியவர்கள் இப்போது, "ரயிலு லேட்டா இருக்கும். அரக்கோணத்துல சிக்னல் போடமாட்டான்" என்று அத்தைக்காக ரயில்வேயைத் திட்டினார்கள்.

அம்மன் கதை தீர்ந்துவிட்டது. பம்பைக்காரர் மலையைப் பாடினார். மலை மேல் ஏறும் படிகளைப் பாடினார். அதுவும் தீர்ந்தது. கண்டிகை டீக்கடையைப் பாடினார், அங்கே ஓசி பேப்பர் படிப்பவர்களைப் பாடினார், கூழ் ஆறுவதைப் பாடினார், தர்மகர்த்தாவின் மீசையைப் பாடினார். தர்மகர்த்தாவே துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றே கால் பஸ் வந்தது. அத்தை அதில் இல்லை.

பம்பைக்காரரின் குரல் போய்விட்டது. பாட்டு நின்று, வெறும் அடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விரலில் சுற்றியிருந்த துணி சிவந்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வெயிலைப் பார்த்தார். அம்மையார்குப்பத்தில் விளக்கு வைக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தாரோ என்னவோ, கை மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் ரோட்டில் நின்ற பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கரும்பு டிராக்டர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் திரும்பியது. மில்லில் கரும்பை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு வருகிற வண்டி. டிரைவர் பக்கத்து மட்கார்டில், பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தை. ஐம்பது அடி தூரத்திலேயே குதித்துவிட்டாள். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. ஊரே வழிவிட்டது. கூட்டத்தின் நடுவே ஓடி வந்து கையை நீட்டினாள். விரலெல்லாம் நீல மை. அந்த மைக் கையிலேயே பூசாரி காப்பைக் கட்டினார்.

பம்பை மூன்று முறை ஓங்கி அடித்து நின்றது.

அந்த அமைதியை நான் என்னவென்று சொல்வேன். காது இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எழுதினியா?" என்றார் நைனா.

"எழுதினேன்ணா."

"போய்க் கூழ் குடி மொதல்ல."

நைனா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பெரியவர்கள் அந்தக் காலத்தில் கேட்கமாட்டார்கள். ஆனால் அன்று சாயந்திரம் ரோட்டோரம் போய் அத்தையின் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அம்மா அன்று முழுக்கத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். "பம்பை சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. அது கேக்கற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல." பம்பைக்காரர் அம்மையார்குப்பத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அங்கே அவருக்கு என்ன பேச்சுக் கிடைத்ததோ. அடுத்த வருஷம் வேறு ஆள் வந்தார். அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை.

அத்தை தேறினாள். நர்ஸ் ஆனாள். பாவா அவளுக்காக நாலு வருஷம் காத்திருந்து கல்யாணம் செய்துகொண்டார். முழம் போட்டுச் சொன்னால், அது ஃபார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. காப்புக் கட்டியிருந்த அந்த எட்டு நாளும் அத்தை ஊரைவிட்டு எங்கும் போக முடியாது. பூக்கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். ஒருநாள் கேட்டேன்.

"நம்ம சொல்லெல்லாம் வந்துச்சா அத்தை, ரெண்டாம் தாளுல?"

"வந்துச்சு. அன்டில் போட்டு சொந்தமா ஒரு வாக்கியம் எழுதச் சொன்னான்."

"இன்னா எழுதின?"

அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "நான் வர்ற வரைக்கும் அவங்க பம்பை அடிச்சுகினே இருப்பாங்கன்னு எழுதினேன். பம்பைக்கு இங்கிலீஷ் தெரியல. டிரம்முன்னு போட்டுட்டேன்."

அவள் அதை எழுதும்போது மணி பதினொன்று இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். பம்பைக்காரரிடம் நான் பேசியதோ, ராகு காலமோ, நைனா சிலம்பை வாங்கப் போவதோ எதுவும் அரக்கோணத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"நாங்க அடிப்போம்னு உனக்கு எப்பிடித் தெரியும், அத்தை?"

"தெரியாது" என்றாள். "எழுதினப்புறம் சந்தேகம் போயிடுச்சு. கடைசி கேள்வி வரைக்கும் எழுதிட்டுதான் எழுந்தேன்."